அப்பாவின் ஸ்ப்ளெண்டரை ஸ்கிராம்ப்ளர் ஆக்கலாமா? எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து ஒன்பது நாள்தான் ஆகிறது

மழைச்சாரல் (காக்ஸ் டவுன், பெங்களூர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் 2012 ஸ்ப்ளெண்டர் இரண்டு வருடமாக வாசலில் கவர் போட்டு நிற்கிறது. அவருக்கு முட்டி வலி. இனி ஓட்ட மாட்டேன் என்று சொல்லி, போன மாதம் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு 23 வயது, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஸ்கூட்டர் ஓட்டுவேன். கியர் வண்டி தொட்டதே இல்லை.

ரொம்ப நாள் ஆசை ஒன்று இருக்கிறது, மண் ரோட்டு வண்டி மாதிரி தெரியும் ஸ்கிராம்ப்ளர். அகலமான உயர ஹேண்டில்பார், பட்டன் டயர் (ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்தி நிற்குமே, அது), பின் மட்கார்டை வெட்டிவிட்டு ஒற்றை சீட், டேங்க் ஆலிவ் பச்சை. ஒரு கடையில் கேட்டேன், 32,000 ஆகும், பத்து நாளில் தருகிறோம் என்றார்கள். என்னிடம் 35,000 இருக்கிறது. முதலில் வண்டியை மாற்றிவிட்டுக் கற்றுக்கொள்ளலாமா, கற்றுக்கொண்டு மாற்றலாமா? வீட்டில் இதைக் கேட்க ஆள் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஒசூர்_ரோடு (பொம்மனஹள்ளி)

கற்றுக்கொண்டு மாற்றுங்கள். கியர் வண்டி கற்கும்போது இரண்டு தடவையாவது கீழே போடுவோம். 32,000 போட்ட வண்டியைக் கீழே போட மனசு வராது. அந்தப் பயத்தில் கை இறுகும். கை இறுகினால் வண்டி திரும்பாது.

ஸ்பேனர்_பதினாலு (கலாசிபாளையம்)

தங்கச்சி, 22 வருடமாக இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன். கடைக்காரர் சொன்ன பட்டியலில் பிரேக் என்ற வார்த்தையே இல்லை, கவனித்தீர்களா? இரண்டு வருடம் நின்ற வண்டி அது. பச்சை பெயின்ட் அடித்தாலும் உள்ளே அதே வண்டிதான். முதலில் கீழே சொல்வதை நீங்களே பாருங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை, கண் போதும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2216 என்றிருந்தால் 2016-ஆம் வருடம் 22-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், ரப்பர் வெடித்துக் கோடு கோடாக இருந்தால் மழையில் அது பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும்.

பிரேக் டிரம் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாக அழுத்திப் பிடித்து அந்த அம்பைப் பாருங்கள். எதிரே உள்ள குறியைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல் பாதி தெரிந்தால் செயின் போய்விட்டது. செயின் மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினையும் தின்றுவிடும், முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டி நேரே போகும், திரும்பச் சொன்னால் யோசிக்கும். புதிதாகக் கற்பவர்கள் இதைத் தெரியாமல் தனக்குத்தான் ஓட்ட வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சரி செய்து, பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்புரேட்டர் கழுவி, எண்ணெய் மாற்றி, கேபிள்களும் புதிதாகப் போட்டால் எட்டாயிரத்துக்குள் முடியும். ஜே.சி. ரோட்டில் சாமான் நீங்களே வாங்கிக்கொண்டு போனால் இன்னும் குறையும். மீதிப் பணத்தை அப்படியே வைத்திருங்கள்.

கே.ஜி.எஃப்_வண்டி (கே.ஆர்.புரம்)

ஸ்பேனர் அண்ணன் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது என் உடம்பில் எழுதியிருக்கிறது. 2021-இல் என் 125 சி.சி. வண்டிக்கு நீங்கள் கேட்கிற அதே அகல ஹேண்டில்பார் போட்டேன். கடைக்காரர் பார் மட்டும் மாற்றினார், கேபிள் பழையதே. நேராக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை.

டின் ஃபேக்டரி பக்கம் ஒரு யு டர்ன். வேகம் பத்துகூட இருக்காது. ஹேண்டிலை முழுசாகத் திருப்பினேன், வண்டி தானாக ரேஸ் ஆகி முன்னே பாய்ந்தது. நான் ஆக்ஸிலரேட்டரைத் திருகவே இல்லை. பார் உயர்ந்ததால் கேபிள் நீளம் போதவில்லை, திருப்பும்போது அது இழுபட்டு ஆக்ஸிலரேட்டரைத் தானே திறந்துவிட்டது. டிவைடரில் மோதி இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஏழு வாரம் மாவுக்கட்டு. பின்னால் பஸ் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பேனர்_பதினாலு

இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தம்பி. ஹேண்டில் மாற்றிய எந்த வண்டிக்கும் ஒரு சோதனை உண்டு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை திருப்புங்கள். இன்ஜின் சத்தம் துளி மாறினாலும் அந்த வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது. கிளட்ச் கேபிள், முன் பிரேக் கேபிளையும் அதே மாதிரி பாருங்கள்.

பச்சைவிளக்கு (ஹெப்பாள்)

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். பெங்களூரில் ஆயிரக்கணக்கான மாடிஃபைடு வண்டி ஓடுகிறது. பிடித்தால் ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம். இளம் வயதில் ஆசைப்படாமல் எப்போது ஆசைப்படுவது?

கருப்புக்கோட்டு (சிவாஜிநகர்)

ஆசைப்படுவதில் தவறே இல்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு ஆசைப்படலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு: தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே 2019-இல் வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு புதிதாக மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள்.

டேங்க் நிறம் ஆர்.சி.யில் எழுதியிருக்கிறது. மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். அது முடியாத காரியமில்லை, பொறுமை வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது பின் மட்கார்டும், துணி பின் சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சேலை கார்டும்தான். ஒற்றை சீட் போடும்போது சேலை கார்டைக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருந்தே ஆக வேண்டும். துப்பட்டா ஒரு முனை ஸ்போக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் வழக்குக் கட்டுகளில் படித்திருக்கிறேன். தங்கையே, நீங்களும் சுடிதாரில்தான் ஓட்டுவீர்கள். அந்த இரும்பு வளையம் அழகைக் கெடுக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் ஒன்று தெரிந்தால் அதை வைத்தே தொகையைப் பற்றிக் கேள்வி எழுப்புவார்கள். ஃபைன் கட்டிவிட்டுப் போவதோடு முடியாது.

அல்சூர்_அக்கா (அல்சூர்)

மழைச்சாரல், நான் 12 வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். என் உயரம் உன்னைவிட ஓர் அங்குலம் குறைவு. அதனால் உயரத்தைப் பற்றி முதலில். ஸ்ப்ளெண்டர் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படாது, படவும் வேண்டாம். நிற்கும்போது இடது கால் முழுசாக ஊன்றி, வலது கால் பின் பிரேக்கில் இருந்தால் போதும். கணுக்காலை மூடுகிற, அடி தட்டையான ஷூ போடு. அதற்கும் மேல் வேண்டுமானால் சீட் முன்பக்கத்தை மட்டும் தையல்காரரிடம் கொடுத்து ஒடுக்கிக்கொள். இது உனக்காகச் செய்யும் மாற்றம், இதற்கு யாரும் உன்னைப் பிடிக்க மாட்டார்கள்.

இனி ஓட்டுவது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். ஆறு மாதம் செல்லும். அந்த 30 நாளைக் காத்திருக்கும் நாளாக நினைக்காதே. முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டு. பின்னால் தோழியை ஏற்றாதே, கற்றுக்கொடுப்பவர் தவிர யாரும் உட்காரக் கூடாது.

முதல் நாள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதே. வண்டியைத் தள்ளிக்கொண்டு நட. சென்டர் ஸ்டாண்ட் போடு, எடு. படுக்க வைத்த வண்டியை எப்படித் தூக்குவது என்று பழகு: ஹேண்டிலைப் பிடித்து இழுக்காமல், சீட்டில் இடுப்பைக் கொடுத்து, காலால் எழுந்திரு.

இரண்டாம் நாள் கிளட்ச். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், இடது கையை மயிரிழை மயிரிழையாக விடு. ஓரிடத்தில் வண்டி மூச்சு வாங்குவது போல லேசாக முன்னே சாயும். அந்த இடம்தான் எல்லாம். அங்கேயே பிடித்து, இரண்டடி நகர்ந்து, திரும்ப அழுத்து. ஐம்பது தடவை. கை வலிக்கும், வலிக்கட்டும்.

பிறகு நிற்கப் பழகு. எல்லாரும் போவதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள், நான் தலைகீழாகச் சொல்லிக்கொடுப்பேன். ஸ்கூட்டரில் நீ பின் பிரேக்கையே அதிகம் பிடித்திருப்பாய். வண்டி நிற்கும்போது எடை முன்னே வருகிறது, முன் சக்கரம்தான் ரோட்டை நன்றாகப் பிடிக்கிறது. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதே. எலுமிச்சம்பழம் பிழிவது போல, மெல்ல ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டு. பின் பிரேக் கூடவே வரட்டும். இருபதில் பழகி, முப்பது, அப்புறம் நாற்பது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். நாற்பதில் போகும்போது பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி எடுத்தாலே 11 மீட்டர் போய்விடுவாய். ரோட்டில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்து பார், நான் சொல்வது புரியும்.

2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்தக் கணக்கில் நம் தெருப் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஹெல்மெட்டுக்கு 3,000 எடுத்து வை. ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 4151 என்ற எண், இரண்டும் பார். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். பட்டை கட்டியபின், பின்னாலிருந்து ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்க்கும்படி ஒருவரிடம் சொல். கழன்று வந்தால் அது உன் அளவு இல்லை.

பழைய_கிக்கர் (ஸ்ரீராமபுரம்)

அல்சூர் அம்மா சொன்னதற்கு ஒரு பழைய சாட்சி. லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய்ப் பார்த்து 1981-இல் அறிக்கை கொடுத்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டார், நண்பர் சொல்லியோ ஓட்டக் கற்றவர்கள். முன் பிரேக்கைச் சரியாகப் பிடிக்காமல் பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சறுக்கியதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய விஷயம், நம் தெருவில் இன்றைக்கும் அதுவே நடக்கிறது.

நான் ஆர்.எக்ஸ். 100-இல் கற்றவன். 98 சி.சி., 11 குதிரைத்திறன், காற்று மாதிரி பறக்கும். ஆனால் இந்த ஊர் ரோடு ஒவ்வொன்றும் ஒரு பாடம். பெயின்ட் அடிக்காத ஹம்ப்பை (வேகத்தடை) முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் டேங்கர் ஒழுகிக்கொண்டே போன தடம், மார்ச், ஏப்ரலில் கீழே கொட்டிக் கிடக்கும் பூ, முதல் மழையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்த வழவழப்பு. இவற்றின் மேல் பிரேக் பிடிக்காதே, திரும்பாதே, நேராகக் கடந்து போ.

பட்டன் டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கான்கிரீட் ரோடு நனைந்திருக்கும்போது பட்டன் டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. மண் ரோட்டில் அது ராஜா. நீ காக்ஸ் டவுனிலிருந்து ஆபீஸ் போகிறாய்.

பச்சைவிளக்கு

கே.ஜி.எஃப். அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தேன். இடது ஓரத்தில் சத்தம் ஏறுகிறது. நாளைக்குக் கேபிள் மாற்றப் போகிறேன். முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

மழைச்சாரல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்பேனர் அண்ணா, நீங்கள் சொன்னபடி நானே பார்த்தேன். முன் பிரேக் அம்பு குறியைத் தாண்டியே போய்விட்டது. டயரில் 3114. கோன் செட் நடுவில் டக்கென்று நின்றது, அப்பாவையே கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இதிலா நான் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன் என்றார். இரண்டு டயர், ஷூ, செயின் செட், கோன் செட், கேபிள் எல்லாம் சேர்த்து 7,900 ஆனது.

அக்கா, ஹொரமாவு தாண்டி ஒரு புது லேஅவுட்டில் ஞாயிறு காலையில் பழகுகிறேன். சாக்பீஸ் கோடு போட்டேன். முப்பதிலிருந்து நிற்க முதல் தடவை 14 மீட்டர் ஆனது. பின் சக்கரம் பூட்டி வண்டி வால் ஆட்டியது, பயந்துவிட்டேன். போன ஞாயிறு 8 மீட்டரில் நின்றேன். ஒரே ஒரு குழப்பம்: நண்பனின் 150 சி.சி. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன், கியர் குறைக்க நினைத்துக் கூட்டிவிட்டேன்.

ஸ்பேனர்_பதினாலு

ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்னால் மிதித்தால் விழும். மற்ற பல வண்டிகளில் ஒன்று கீழே, மிச்சம் மேலே. கால் பழகும் வரை ஒரே வண்டியில் இருங்கள்.

ஒசூர்_ரோடு

நான் நைட் ஷிஃப்ட். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதென்று எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டிவிடாதீர்கள். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதைப் போட்டால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், எதிரே வருகிறவர் கண் கூசி உங்கள் மேலேயே வருவார். லென்ஸைத் துடைத்து, கனெக்ஷன் துருவைச் சுரண்டிப் பாருங்கள். பாதி வண்டிகளுக்கு அதுவே போதும்.

மழைச்சாரல்

இன்று லைசென்ஸ் டெஸ்ட் முடிந்தது. எட்டு போடும்போது கால் ஊன்றவில்லை. தேர்ச்சி.

வண்டியில் நான் செய்த மாற்றங்கள்: சிவாஜிநகரில் சீட் முன்பக்கம் ஒடுக்கி, கருப்பு ரெக்ஸினில் தைத்தது. கிளட்ச் லீவரை என் விரலுக்கு எட்டும்படி திருப்பி வைத்தது. நல்ல பிடிப்புள்ள கைப்பிடி ரப்பர். சேலை கார்டைத் துரு நீக்கிக் கருப்பு அடித்தேன், அது அங்கேயே இருக்கிறது. பச்சை டேங்க்குக்கு ஆர்.டி.ஓ.வில் என்ன தாள் வேண்டும் என்று கருப்புக்கோட்டு அண்ணாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன். உயர ஹேண்டில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், அப்பாவின் ஹேண்டிலிலேயே கை நன்றாக உட்காருகிறது.

நாளை அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அல்சூர் ஏரிக்கரை வரை போகிறோம். அவருக்கும் புது ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது.

மல்லேஸ்வரம்_தங்கை

இழை முழுவதும் படித்தேன். எனக்கு நேற்றுதான் எல்.எல்.ஆர். வந்தது, அண்ணனின் வண்டி இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்த லேஅவுட்டுக்கு நானும் வரலாமா?

அல்சூர்_அக்கா

ஞாயிறு காலை ஆறேகாலுக்கு வா, நானும் வருகிறேன். அண்ணனையே ஓட்டிக்கொண்டு வரச் சொல். ஷூ போட்டுக்கொள், டயரில் காற்று பார்த்துவிட்டுக் கிளம்பு. ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி வா, எங்களிடம் தீர்ந்துவிட்டது.